குடை ஊன்றும் சத்தம்

மழை இருட்டிக்கொண்டு வந்தால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பஜ்ஜி ஞாபகம் வரும். எனக்கு முள்ளங்கி.

சாம்பாரில் மிதக்கிற முள்ளங்கி இல்லை. உள்ளங்கை அகலம், மூன்று விரல் கனம். நாள் முழுக்கச் சாற்றில் கிடந்து, ஓரம் கலையாமல், உள்ளே விளக்கு வைத்தால் வெளியே தெரியும் என்கிற அளவுக்குத் தெளிந்துபோன ஒரு துண்டு. குச்சியை வைத்து லேசாக அழுத்தினால் சத்தமே இல்லாமல் பிளக்கும். பிளந்த இடத்திலிருந்து ஆவி எழும்பி மூக்குக் கண்ணாடியில் படியும். கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பு மேடைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வரும். "தபெமஷ்ஷி."

அந்தக் குரலைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். ஆனால் நேராக அங்கே போக எனக்குத் தெரியவில்லை. ஊரைச் சுற்றிக்கொண்டுதான் போக முடியும். அங்கே இருந்த மூன்று ஆண்டும் அப்படிச் சுற்றித்தான் போனேன்.

உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். ஒரு பேருந்து நிலையத்து டீ, ஒரு விடுதி அறையின் ஜன்னல், யாரோ வைத்த செல்லப் பெயர். அடுத்தவரிடம் சொன்னால் "இதுக்கா இப்படி?" என்பார்கள். சொல்லாமல் வைத்துக்கொண்டால் மழைக்கு மழை கிளம்பும்.

ஊரின் பெயர் கனசாவா. ஜப்பானின் மேற்குக் கரையில், ஜப்பான் கடல் பக்கம். 2015 மார்ச்சில் டோக்கியோவிலிருந்து புல்லட் ரயில் அங்கே வந்துசேர்ந்தது. அடுத்த ஆண்டு நான் போய்ச் சேர்ந்தேன், ஒரு நிறுவனத்தில் மென்பொருள் வேலைக்கு. மூன்று ஆண்டு என்று நான் சொல்கிறேன். அந்த ஊர்க்காரர்கள் மூன்று பனிக்காலம் என்பார்கள்.

போய்ச் சேர்ந்த வாரமே ஒன்று சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். சோற்று டப்பாவை மறந்தாலும் குடையை மறக்காதே. அந்தப் பக்கத்து வழக்கு அது. காலையில் வெயில், மத்தியானம் தூறல், சாயங்காலம் ஆலங்கட்டி, நடுவில் ஒருமுறை வானவில். எல்லாம் ஒரே நாளில். எந்தக் கடைக்குப் போனாலும் வாசலில் குடை செருகும் கூடை இருக்கும். திரும்பி வரும்போது அதே மாதிரி இன்னொரு குடை நம் கையில் இருக்கும், நம்முடையது யார் கையிலோ போயிருக்கும். யாரும் சண்டை போட்டுப் பார்த்ததில்லை.

சாயங்காலம் வேலை முடியும். கோரின்போ பேருந்து நிறுத்தத்துக்கு வந்து, பேருந்தில் ஏறாமல் நடக்க ஆரம்பிப்பேன். முதலில் மேற்கே திரும்பி நாகமாச்சி. சாமுராய்கள் குடியிருந்த தெருக்கள். இரண்டு பக்கமும் மண்சுவர், மேலே ஓடு வேய்ந்த தொப்பி, ஓரத்தில் ஓடுகிற வாய்க்கால். டிசம்பரில் அந்தச் சுவர்களுக்கு வைக்கோல் பாய் போர்த்திவிடுவார்கள். ஈரப்பனி ஊறினால் மண் பொரிந்து உதிருமாம். சுவருக்குக் குளிருமே என்று கவலைப்படுகிற ஊரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மரங்களுக்கும் அதே கவனிப்புதான். நவம்பர் 1 வந்தால் கென்ரோகுஎன் தோட்டத்தில் ஏணியோடு ஆட்கள் வந்துவிடுவார்கள். பைன் மரத்தின் நடுவில் ஒரு கம்பம் நட்டு, உச்சியிலிருந்து ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கயிறு இறக்கிக் கட்டுவார்கள். பனியின் பாரத்தில் கிளை முறியாமல் இருக்க. தூரத்திலிருந்து பார்த்தால் மரத்துக்கு மேல் விரித்த குடை, துணி மட்டும் இல்லை.

1583-இல் மாயேதா தொஷியே என்ற தளபதி இங்கே கோட்டைக்குள் வந்து அமர்ந்தார். அவர் வம்சத்தின் ஆளுகையைப் 'பத்து லட்சம் கொக்கு' என்பார்கள். ஒரு கொக்கு என்பது ஓர் ஆள் ஓர் ஆண்டு சாப்பிடும் அரிசி. அவ்வளவு செல்வம் வைத்திருப்பவனை மேலே இருப்பவன் சந்தேகிக்காமல் இருப்பானா? ஆகவே ஆயுதத்தில் காட்ட முடியாத பெருமையையெல்லாம் பட்டில், அரக்குப் பூச்சில், தேநீர்க் கோப்பையில் காட்டினார்கள். இரண்டாம் உலகப் போரில் இந்த ஊர்மேல் குண்டு விழவில்லை. அதனால் அந்தக் காலத்துக் கோணல் சந்துகள் கோணலாகவே இருக்கின்றன. மூன்று ஆண்டில் எத்தனை தடவை வழி தப்பியிருப்பேன்! வழி தப்பினால் ஓர் ஆறு வரும். தெற்கே ஸாய் ஆறு, வடக்கே ஆசானோ ஆறு. ஸாய் ஆண் ஆறு, ஆசானோ பெண் ஆறு என்று ஊர் பிரித்து வைத்திருக்கிறது. நான் எப்போதும் பெண் ஆற்றுப் பக்கம்தான் போய்ச் சேர்ந்தேன்.

ஓயாமா கோயில் வாசலில் ஒரு நிமிடம் நிற்பேன். 1875-இல் கட்டிய மூன்று அடுக்கு வாசல். உச்சி அடுக்கில் வண்ணக் கண்ணாடி பதித்திருக்கும். இருட்டியதும் உள்ளே விளக்கு எரியும். ஒரு காலத்தில் கடலில் போகிற படகுகளுக்கு அந்த வெளிச்சம் வழி காட்டியதாகச் சொல்வார்கள். எனக்கு அது மணி காட்டும். அந்தச் சிவப்பும் நீலமும் துலங்கினால் ஓமிச்சோ சந்தை கடை கட்டப்போகிறது என்று அர்த்தம்.

கடை கட்டும் நேரத்துச் சந்தைக்கு ஒரு சத்தம் உண்டு. கட்டைக் குரலில் விலையைக் குறைத்துக் கத்துவது, பெட்டியைத் தரையில் இழுப்பது, குழாயைத் திறந்து ஐஸ் கட்டிகளைக் கழுவித் தள்ளுவது. நவம்பரில் தட்டு தட்டாகச் சிவப்பு நண்டு. அங்கேதான் காஸு எபி என்ற இறாலைப் பார்த்தேன். மண் நிறம், பார்க்க லட்சணம் போதாது. சிவப்பாகப் பளபளக்கும் அமா எபி பக்கத்திலேயே இருக்க, இதை யார் வாங்குவார்கள் என்று நினைத்தேன். ஊர்க்காரர்கள் இதைத்தான் வாங்கினார்கள். தித்திப்பு இதில்தான் அதிகமாம். ஆனால் பிடித்த கொஞ்ச நேரத்தில் கெட ஆரம்பித்துவிடும். தூர ஊருக்கு அனுப்ப முடியாது. அந்தக் கரையில் நின்று சாப்பிட்டால்தான் உண்டு.

அன்றைக்கு இது எனக்கு ஒரு தகவல். அவ்வளவுதான்.

சந்தையிலிருந்து கிழக்கே நடந்தால் இஸுமி க்யோகா பிறந்த வீடு இருந்த இடம் வரும். 1873-இல் பிறந்த எழுத்தாளர். சிறு வயதிலேயே தாயைப் பறிகொடுத்தவர், பிறகு எழுதியதிலெல்லாம் அவளைத் தேடிக்கொண்டிருந்தவர். அவர் வீட்டுக்கு எதிரே ஒரு சின்னக் கோயில். கோயிலுக்குப் பின்னால் ஆற்றுக்கு இறங்குகிற கல்படிகள். குராகாரிஸாகா என்று பெயர், இருட்டுச் சரிவு என்று அர்த்தம். அந்தக் காலத்துப் பெரிய வியாபாரிகள் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, இந்தப் படியில் இறங்கி, கீழே இருக்கும் கெய்ஷா வீடுகளுக்குப் போவார்களாம். நல்ல வசதி, பாவமும் பரிகாரமும் ஒரே வழியில். பக்கத்திலேயே இன்னொரு படிவரிசை பெயரில்லாமல் இருந்தது. அதற்கு எழுத்தாளர் இட்ஸுகி ஹிரோயுகி, 'ஆகாரிஸாகா', வெளிச்சச் சரிவு என்று பேர் வைத்தார். நான் இருட்டில் இறங்கி வெளிச்சத்தில் ஏறுவேன். யாரும் கேட்கவில்லை, நானே வைத்துக்கொண்ட நேம நிஷ்டை.

கீழே கஸுஎமாச்சி. ஆற்றை ஒட்டி ஒரே வரிசையாக மர வீடுகள், மரக்கம்பிச் சட்டங்கள், இடைவெளியில் மஞ்சள் வெளிச்சம். எதிர்க்கரையில் ஹிகாஷி சாயா. சாயா என்றதும் நமக்கு டீக்கடை மனதில் வரும். அங்கே அது பாட்டும் ஆட்டமும் விருந்துமாக இருக்கும் வீடு. அங்கங்கே சிதறிக் கிடந்த அந்த வீடுகளை 1820-இல் இங்கே கொண்டுவந்து சேர்த்தார்கள். பகலில் அங்கே நிற்க முடியாது. சுற்றுலாக்காரர்கள் தங்க ரேக்கு ஒட்டிய ஐஸ்கிரீமை வைத்துக்கொண்டு படமெடுப்பார்கள். ஜப்பானில் செய்யும் தங்க ரேக்கு கிட்டத்தட்ட முழுவதும் இந்த ஊரில்தான் தட்டப்படுகிறது, ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரமாகப் பிரித்ததில் ஒரு பங்கு கனத்துக்கு. கைவேலையில் அதற்கு ஈடு கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தங்கத்துக்கு ருசி கிடையாது. உதட்டில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான்.

சாயங்காலம் அவர்கள் போனபிறகு தெரு தன் சத்தத்துக்குத் திரும்பும். நனைந்த கல்தரையில் ஒரு பெண் வேகமாகச் சின்னச் சின்ன எட்டு வைத்துப் போவாள். தேயிலைக் காம்பை வறுத்த வாசம் மூடிய கடையிலிருந்தும் வரும். ஏதோ ஒரு மாடியில் ஷாமிசென் வாத்தியம் பழகுவார்கள். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப, அதே இடத்தில் தடுக்கி, மறுபடி முதலிலிருந்து. தடுக்குகிற இடம் எனக்கே பாடமாகிவிட்டது. கடைசி வரை அந்த வரி முழுதாக வந்து நான் கேட்கவில்லை. இந்நேரம் வந்திருக்கும்.

இவ்வளவும் சுற்றி, கால் குளிர்ந்து, பசித்து, ஆசானோ ஆற்றின் பெரிய பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சந்துக்குள் நுழைவேன். நீலத் திரை தொங்கும் ஒரு தள்ளுகதவு. எட்டுப் பேர் உட்காரலாம். நடுவில் கட்டம் கட்டமாகத் தடுத்த செவ்வகச் சட்டி, அதில் ஓதென் என்ற சாற்றுப் பண்டம் கொதிக்காமல் கொதித்துக்கொண்டிருக்கும். ஜப்பானில் மற்ற ஊர்களில் இது குளிர்காலச் சாப்பாடு. கனசாவாக்காரர்கள் ஆடியிலும் சாப்பிடுவார்கள்.

அந்தக் குரலுக்கு உரியவளுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். வெள்ளை மேலங்கி, காதுக்குப் பின்னால் ஒரு பென்சில். வாடிக்கைக்காரர்கள் எல்லோரும் 'ஒகாசான்' என்றார்கள், அம்மா என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட்டேன். கடைக்காரப் பெண்மணியை அம்மா என்று அழைக்க எனக்கு யாரும் ஜப்பானிய மொழி கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு நான் 'இந்தோ-சான்'. இந்தியாக்காரர். முதல் நாள் வைத்த பெயர், மாறவே இல்லை.

ஒரு நாள் மழையால் சீக்கிரம் போய்விட்டேன். அப்போதுதான் அவள் முள்ளங்கிக்குச் செய்வதைப் பார்த்தேன். கென்ஸுகே என்ற அந்த ஊர் முள்ளங்கி குட்டையாக, தொடை மாதிரி இருக்கும். தோலை நாம் சீவுகிற மாதிரி மெல்லிசாக இல்லை, நாரும் சேர்ந்து போகக் கனமாக உரித்தாள். வட்டமாக வெட்டினாள். பிறகு ஒவ்வொரு வட்டத்தையும் கையில் சுழற்றி, மேலும் கீழும் விளிம்பின் கூர்மையைச் சீவி மழுக்கினாள். விளிம்பு கூராக இருந்தால் கொதியில் ஒன்றோடொன்று இடித்துக் கரையுமாம். அப்புறம் துண்டைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தில் கத்தியால் ஒரு கூட்டல் குறி கீறினாள், பாதி ஆழத்துக்கு. சாறு உள்ளே போகிற வழி அது, சாப்பிடுகிறவன் கண்ணில் படக்கூடாது. கடைசியில் எல்லாவற்றையும் அரிசி கழுவிய தண்ணீரில் போட்டு வேக வைத்தாள். கசப்பு போக. எங்கள் ஊரில் அந்தத் தண்ணீர் மாட்டுக்கு என்று சொன்னேன். "மாடு கொடுத்து வைத்தது" என்றாள்.

சட்டியில் மற்றதும் இருக்கும். கோதுமைப் பசையைச் சக்கரமாகச் சுட்டு எடுத்த குருமாபு, கடித்தால் உள்ளிருந்து சாறு பீறிடும். சிவப்புச் சுருள் போட்ட மீன்மாவுக் கட்டி. சங்கு மாதிரி ஒரு நத்தை. நவம்பர் 6-இலிருந்து டிசம்பர் 29 வரை மட்டும் பெண் நண்டு பிடிக்கலாம். அந்த நாட்களில் நண்டின் சதையையும் முட்டையையும் அதன் ஓட்டிலேயே அடைத்து, கட்டி, சாற்றில் இறக்கி வைப்பாள். என் சம்பளத்துக்கு வருஷத்தில் ஒன்று. சாப்பிட்டு முடித்ததும் ஓட்டில் கொஞ்சம் சூடான சாகே ஊற்றித் தருவாள். அதற்குக் காசு எழுதமாட்டாள். காதில் இருக்கும் பென்சில் காதிலேயே இருக்கும்.

'தபெமஷ்ஷி' என்பது அந்த ஊர்ப் பேச்சு. 'சாப்பிடு' என்பதோடு ஒரு 'மஷ்ஷி'. மற்ற ஊர் ஜப்பானியர் கேட்டால் சிரிப்பார்கள். நாம் 'சாப்பிடுங்களேன்' என்கிறபோது கடைசியில் ஒரு 'ஏன்' ஒட்டிக்கொண்டு வருகிறதே, கட்டளையை உபசாரமாக்குகிற ஏன், அதுதான் அது. வகுப்பில் படித்த ஜப்பானிய மொழியில் இது இல்லை.

இன்னொரு சொல்லும் இல்லை. முதல் லீவில் ஊருக்குப் போய்த் திரும்பும்போது அவளுக்குக் கைமுறுக்கு கொண்டுபோனேன். டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "கினோதொகுனா" என்றாள். எனக்கு முகம் சுண்டிவிட்டது. படித்த பாஷையில் அதற்கு 'ஐயோ பாவம்' என்று அர்த்தம். என்னையா பாவம் என்கிறாள், முறுக்கையா? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். கனசாவாவில் அது நன்றி. எனக்காக நீ இவ்வளவு சிரமப்பட்டாயே, அதை நினைத்தால் என் மனசுக்கு வலிக்கிறது, அந்த மாதிரி நன்றி. அவள் அதற்குள் ஒரு முறுக்கை நொறுக்கி வாயில் போட்டிருந்தாள். அந்த நொறுங்கும் சத்தமும் எனக்கு இருக்கிறது.

குளிர்காலத்தில் ஒரு ராத்திரி கடைக்கூரை அதிரும்படி இடி. நம் ஊரில் இடி என்றால் ஐப்பசி. பனி கொட்டப்போகிற வானத்தில் இடி இடிப்பதை நான் கேட்டதே இல்லை. எழுந்து நின்றுவிட்டேன். ஜப்பானிலேயே இடி அதிகம் இடிக்கும் ஊர்களில் அது ஒன்று, அதுவும் குளிர்காலத்தில். அவள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "புரி ஓகோஷி" என்றாள். புரி மீனை எழுப்புகிற இடி. கொழுத்த புரி மீன்கள் கரைப்பக்கம் வருகிற சேதி. "உட்காரு இந்தோ-சான், உனக்கில்லை அது, மீனுக்கு."

2019-இல் திரும்பி வந்தேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. விடைபெறப் போன அன்று கடையில் கூட்டம். "போயிட்டு வாமஷ்ஷி" என்கிற மாதிரி ஏதோ சொன்னாள், சரியாகக் காதில் விழவில்லை. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம்.

இப்போது சென்னையில் எல்லாம் கிடைக்கிறது. செல்பேசியில் தொட்டால் சுஷி வீட்டு வாசலுக்கு வருகிறது. நன்றாகத்தான் இருக்கிறது, குறை சொல்லமாட்டேன். கடல்பாசிப் பட்டையும் உலர்ந்த மீன் சீவலும் வரவழைத்து ஓதென் நானே வைத்துப் பார்த்தேன். விளிம்பை மழுக்கினேன், அடியில் கூட்டல் குறி போட்டேன், அரிசி கழுவிய தண்ணீரில் வேக வைத்தேன். நம் முள்ளங்கி ஒல்லி, காரம். சாற்றைக் குடிக்கவில்லை, சாற்றை முள்ளங்கி ரசமாக்கிவிட்டது. வீட்டில் பெருங்காயம் போட்டுச் சாப்பிட்டார்கள்.

ராத்திரியில் அந்த ஊரில் நடந்தபடியே எடுத்த படங்களை யூடியூபில் பார்க்கிறேன். மழையோடு, காலடிச் சத்தத்தோடு, ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு ஓட்டுக்கூரையும் தெளிவாகத் தெரிகிறது. குராகாரிஸாகாவில் இறங்குகிறார்கள், ஆற்றோரம் வருகிறார்கள், பெரிய பாலத்துக்கு முன்னால் நிற்கிறார்கள். நான் திரையை நோக்கிக் குனிகிறேன். கேமரா பாலத்தில் ஏறிவிடுகிறது. யாருமே அந்தச் சந்துக்குள் திரும்புவதில்லை. அதில் பார்க்க என்ன இருக்கிறது?

2024 ஜனவரி 1. இங்கே மதியம் 12.40, அங்கே மாலை 4.10. புத்தாண்டுச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்தோம். கனசாவா பக்கத்து நோதோ தீபகற்பத்தில் 7.6 அளவு நிலநடுக்கம். தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கும் பெண் குரலை உயர்த்தி, ஓடுங்கள், இப்போதே ஓடுங்கள் என்று கத்தினாள். ஜப்பானியச் செய்தியில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை. இரவு வாஜிமா சந்தைத் தெரு எரிந்தது. ஒகாசான் சாறு ஊற்றிக் கொடுத்த அரக்குக் கிண்ணங்கள் வாஜிமாவில் செய்தவை. கனசாவாவும் பலமாக ஆடியிருந்தது, கோட்டையின் கற்சுவர் சில இடங்களில் சரிந்திருந்தது.

பழைய சக ஊழியரைப் பிடிக்க இரண்டு நாளாயிற்று. ஊர் நிற்கிறது என்றார், பொருள்கள் விழுந்தன, ஆட்களுக்கு ஒன்றுமில்லை. நான் கடையைக் கேட்டேன். அடுத்த வாரம் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார். கதவு மூடியிருக்கிறது. திரை இல்லை. ஆனால் நிலநடுக்கத்தால் மூடியதா என்று சொல்ல முடியாது, கொரோனா சமயத்திலிருந்தே திறந்து பார்த்ததாக ஞாபகமில்லை. விசாரிக்கிறேன் என்றார். பிறகு ரொம்ப இயல்பாக, "அந்த அம்மா பேர் என்ன?" என்று கேட்டார்.

மூன்று ஆண்டு. வாரத்துக்கு இரண்டு நாள். எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் என் பெயர் தெரியாது. அம்மா, இந்தியாக்காரர். அதுவரை அது எங்களுக்குப் போதுமாக இருந்தது.

ஒன்றே ஒன்று சொல்லி நிறுத்திக்கொள்கிறேன்.

ஆசானோ ஆற்றில் ஒரு வழக்கம் உண்டு, ஏழு பாலம் கடப்பது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில், நள்ளிரவில். அந்த வாரம் அங்கே முன்னோர்களை நினைக்கும் வாரம், நம் மகாளயம் மாதிரி. ஆற்றின் மேல்பக்கம் ஆரம்பித்து ஏழு பாலங்களை மாறி மாறிக் கடக்க வேண்டும். வந்த வழியில் மறுபடி நடக்கக்கூடாது. வாய் பேசக்கூடாது. திரும்பிப் பார்க்கக்கூடாது. உள்ளாடை வெள்ளையாக, புதிதாக இருக்க வேண்டும். அப்படிக் கடந்தவர்கள் கடைசிக் காலத்தில் படுக்கையில் விழுந்து, அடுத்தவர் கையால் மலம் அள்ளும் நிலைக்குப் போகமாட்டார்கள். இந்த வேண்டுதலை ஒரு தமிழனுக்கு யாரும் விளக்க வேண்டுமா? என் பாட்டி தினமும் விளக்கேற்றும்போது கேட்டது இதைத்தான்.

2018 செப்டம்பரில் ஒகாசான் கேட்டாள். "இந்தோ-சான், வர்ற ஞாயித்துக்கிழமை ராத்திரி வேலை இருக்கா?" வழக்கமாக அவளோடு வருகிற சிநேகிதிக்கு இந்த வருஷம் முடியவில்லை. தனியாகப் போனால் முட்டி நின்றுவிடும். "நீ முன்னால போ. உன் முதுகைப் பாத்துக்கிட்டே வந்துடுவேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வெள்ளை. புதுசு. ஞாபகம் இருக்கட்டும்." கடைவீதிக்குப் போய் ஒரு வெள்ளை பனியன் வாங்கினேன்.

தூறல் நின்ற ராத்திரி. மடக்கிய குடையைக் கைத்தடியாக ஊன்றிக்கொண்டு வந்தாள். தலையாட்டினாள், நடந்தேன். முதல் பாலம் தாண்டியதுமே தெரிந்துவிட்டது, இனிமேல் எனக்கு அவள் ஒரு சத்தம்தான். குடை நுனி தார்ச்சாலையில் ஊன்றும் டொக். ஒரு கால் இழுபடும் உரசல். மறுபடி டொக். தென்ஜின் பாலத்தில் காற்று. உமே பாலத்தில் மரப்பலகை, அங்கே டொக் உள்ளீடற்று ஒலித்தது. பெரிய பாலத்தில் ஒரு டாக்ஸி கடந்தபோது சத்தம் அறுந்து, டாக்ஸி போனதும் திரும்ப வந்தது. அதன் வேகத்துக்கு என் காலைக் குறைத்துக்கொண்டேன். எங்களுக்கு முன்னாலும் சிலர் பேசாமல் போய்க்கொண்டிருந்தார்கள்.

முடித்தோம். ஏழாவது பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தானியங்கிப் பெட்டியில் சூடான சோளச் சாறு வாங்கிக் கொடுத்தாள், கினோதொகுனா என்றாள். வீடு வரை கொண்டுபோய் விட்டேன்.

ஆனால் மழை இருட்டினால் எனக்கு வருவது ஐந்தாவது பாலம். நகா நோ ஹாஷி. முன்பு கடக்கிறவர்களிடம் ஒரு மோன் காசு வாங்கினார்களாம், ஒரு காசுப் பாலம் என்றும் அதற்குப் பெயர். பாதிப் பாலத்தில் பின்னால் சத்தம் நின்றது. டொக் இல்லை. உரசல் இல்லை. என்ன ஆயிற்று என்று கேட்க முடியாது. திரும்ப முடியாது. திரும்பினால் அவளுடைய நாலு பாலமும் போச்சு, இந்த வருஷமும் போச்சு. நின்றேன். முன்னால் போனவர்கள் திருப்பத்தில் மறைந்தார்கள். கஸுஎமாச்சியின் விளக்குகள் தண்ணீரில் நீண்டு கிடந்தன. கீழே ஆறு. முதுகு முழுக்கக் காதாக நின்றுகொண்டிருந்தேன்.